மண்டபமே புத்தகக் கடை

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் கிடைக்காத தமிழ்ச் சாமான் குறைவு. கதம்பம், குத்துவிளக்கு, பட்டுப்புடவை, முறுக்கு, பஞ்சாங்கம், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. நான் தேடிப் போனது மலேசியத் தமிழ் நாவல். துன் சம்பந்தன் சாலையில் பூசைச் சாமானோடு புத்தகமும் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்து அலமாரியைத் துழாவினேன். சோதிடம், சமையல், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி நூல்கள், கல்கி. உள்ளூர் எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன்.

"நம்ம நாட்டு எழுத்தாளருங்க புத்தகமா? கடையில வச்சா தூசிதாங்க ஐயா சேரும். ஞாயித்துக்கெழமை கிள்ளான்ல ஒரு வெளியீடு இருக்கு, அங்க போங்க, கெடைக்கும்" என்றார். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு என்பதையும் அவரே சொன்னார். எழுதியவர் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

இதைச் சாதாரணப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சுற்றியபிறகுதான் அவர் ஓர் இலக்கியத்தின் பொருளாதாரத்தையே இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார் என்று பட்டது. இந்த நாட்டில் தமிழ் நாவல் கடையில் விற்பதில்லை. வெளியீட்டு விழா நடக்கும் மண்டபத்தில் விற்கிறது. நாவலாசிரியருக்குப் பதிப்பகம், விநியோகஸ்தர், விளம்பரம் எல்லாமே அந்த ஒரு மாலை நேரம்தான். அந்த மாலையில் அச்சுக்கூலி திரும்பி வந்தால் அடுத்த புத்தகம் உண்டு, வராவிட்டால் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் இன்று பளபளவென்று இருக்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த கோலாலம்பூரைச் செங்கல்லில் எழுப்பத் தொடங்கியபோது சூளைகள் இருந்த இடம். பெயர் அப்படி வந்தது. பிறகு ரயில்வே வந்தது, ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழகத்துத் தொழிலாளிகளும் வந்தார்கள். ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த மைதானத்தில் இப்போது கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. 2010இல் மன்மோகன் சிங் வந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார். 2015இல் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்துவைத்தார். இரண்டு பிரதமர்கள் வந்துபோன தெருவில் ஒரு நாவல் கிடைக்கவில்லையே என்ற எரிச்சலோடுதான் 1904இல் கட்டிய விவேகானந்தர் ஆசிரமத்தைத் தாண்டி நடந்தேன். சுற்றுலாக்காரர்கள் யானை நீரூற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து அதிக தூரமில்லை, சுல்தான் சுலைமான் சாலையில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற கட்டடம். அதிலுள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கில் வெளியிடப்பட்ட தமிழ்ப் புத்தகங்களை எண்ணி முடியாது. தமிழகத்திலிருந்து போன எழுத்தாளர்கள் பலர் அங்கே பேசியிருக்கிறார்கள். கட்டடம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. பல தலைமுறையாக லயத்தில் குடியிருந்தவர்கள் தெருவில் நிற்கும் நிலை. அப்போது மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய், பால்மரம் சீவுகிறவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டத்தை அவர்களே வாங்கட்டும் என்று 1960இல் தொடங்கிய சங்கம் இது. அந்தச் சங்கத்தின் அரங்கில்தான் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள் வெளியாகின்றன. பால் வெட்டியவர்களின் காசில் எழும்பிய கூரைக்குக் கீழே பால் வெட்டியவர்களின் கதை. இப்படி ஓர் அரங்கம் சென்னையில் எனக்குத் தெரிந்து கிடையாது.

சமூகமே ஏன் இத்தனையும் சுமக்க வேண்டும்? மலேசியாவில் 'தேசிய இலக்கியம்' என்றால் மலாய் மொழியில் எழுதப்பட்டதுதான். 1981இல் தொடங்கிய 'சாஸ்தெராவான் நெகாரா' என்ற தேசிய இலக்கியவாணர் விருது, தமிழில் எழுதுகிறவருக்கும் சீனத்தில் எழுதுகிறவருக்கும் எட்டாத உயரம். 1917இலேயே க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'யோடு நாவல் தொடங்கிய ஒரு மொழிக்கு அந்த நாட்டின் இலக்கியக் கணக்கில் இடமில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளை அரசு நடத்துகிறது. அங்கே படித்து வளர்ந்தவர் நாவல் எழுதினால் அது அவர் சொந்தப் பாடு. அதனால்தான் கூட்டுறவுச் சங்கம், எழுத்தாளர் சங்கம், கோயில் மண்டபம், டத்தோ பட்டம் வாங்கிய தெரிந்தவர், ஊர்த் தலைவர் என்று ஆளாளுக்குத் தோள் கொடுக்கிறார்கள்.

ஞாயிறு காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறிவிட்டு கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறினேன். சற்று நேரத்தில் அங்காசாபுரி நிலையம். மேட்டில் தெரிவது மலேசிய வானொலி, தொலைக்காட்சித் தலைமையகம். தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் அங்கிருந்துதான் ஒலிக்கிறது. இந்த நாட்டு நாவலாசிரியர்களில் முக்கியமானவரான ரெ. கார்த்திகேசு வானொலியில் வேலை பார்த்துப் பிறகு பினாங்கில் பேராசிரியராகப் போனவர். புத்தகக் கடை இல்லாத தோட்டங்களுக்குக் கதை போய்ச் சேர்ந்த வழிகள் இரண்டு: வானொலி ஒன்று, ஞாயிறு பத்திரிகை மற்றொன்று.

ஞாயிறு பத்திரிகை என்றதும் 'தமிழ் நேசன்' ஞாபகம் வராமல் போகாது. 1924இல் தொடங்கி 2019இன் தொடக்கத்தில் மூடப்பட்ட நாளேடு. 1950இல் அதில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். தோட்டத்துப் பையன்களும் பள்ளி ஆசிரியர்களும் கதை எழுதி அனுப்புவார்கள். அது ஏன் கதையாகவில்லை என்று இவர்கள் பத்திரிகையிலேயே சொல்வார்கள். பிறகு 1952இல் கு. அழகிரிசாமி ஆசிரியராக வந்து சேர்ந்தார், 1957 வரை இருந்தார். அவர் இருந்த காலத்தில் எழுத்தாளர்கள் கூடி ஒருவர் கதையை மற்றவர் பிரித்துப் பேசும் இலக்கிய வட்டம் நடந்தது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர் கோலாலம்பூரில் உட்கார்ந்து, புகழ்வதைவிடத் திருத்துவது நல்லது என்று ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். மேடையும் மாலையும் இல்லாத கூட்டங்கள் அவை. மலேசிய நவீனச் சிறுகதையின் முதல் தலைமுறை அங்கேதான் பட்டை தீட்டப்பட்டது என்று இன்றைக்கும் மூத்தவர்கள் சொல்கிறார்கள். பொன்னாடைகள் எப்போது உள்ளே வந்தன என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

ரயில் சுபாங் ஜெயா, ஷா ஆலம் என்று ஊர்ந்தது. இரண்டு பக்கமும் அடுக்கு வீடுகள், கிடங்குகள், நெடுஞ்சாலைத் தூண்கள். தோட்டங்கள் போன இடம் தெரியவில்லை. கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் 1886இல் இணைத்த பாதையில் வந்தது இந்தத் தடம். எதிர்த் திசையில், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பக்கமாகத்தான் உள்நாட்டுக்குப் போயிருக்கும்.

கிள்ளான் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தெங்கு கெலானா சாலை. பிரிக்ஃபீல்ட்ஸைவிட இது எனக்குப் பிடித்தது. அலங்கார வளைவுக்காகப் போட்ட தெரு இல்லை. வியாபாரம் நடக்கிற தெரு. பூக்கடைக்காரர் வாசலிலேயே பழைய பாட்டுப் போட்டுவிட்டுக் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். இதே கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன். இவரும் 'தமிழ் நேசன்' அலுவலகத்துக்காரர், துணையாசிரியர். அவர்கள் வைத்த கோரிக்கைகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற அனுமதி. பேசவும் கூடவும் சுதந்திரம். அந்த மே மாதம் நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளிகள் செத்தார்கள். கூட்டம் கூட அனுமதி கேட்டு உயிர் போன ஊரில் ஒரு புத்தகக் கூட்டத்துக்குப் போகிறோம் என்ற நினைப்போடுதான் மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

வாசலில் மேசை. இரண்டு இளம்பெண்கள், ஒரு நீள நோட்டு, ரசீதுப் புத்தகம், அடுக்கிவைத்த நாவல். விலை முப்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். எனக்கு முன்னால் நின்றவர் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டி, "பாக்கி வேணாம் தங்கச்சி" என்று நகர்ந்தார். அடுத்தவர் ஓர் உறையை வைத்துவிட்டுப் பேர் எழுதச் சொன்னார். நம் ஊர்க் கல்யாண மொய்தான். அதைச் சொல்லிச் சிரிக்க முதலில் தோன்றியது. நீள நோட்டில் வரிசையாக விழுந்த பெயர்களைப் பார்த்தபிறகு சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், லாரி கம்பெனிக்காரர் ஒருவர், கோயில் செயலாளர், பக்கத்துத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம். இவர்கள் இல்லையென்றால் அந்த நாவல் எழுதியவரின் கணினியிலேயே இருந்திருக்கும்.

ஐந்து மணி நிகழ்ச்சி, ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது. முதலில் தேசிய கீதமான நெகாராகூ. பிறகு தமிழ் வாழ்த்து. மலேசியக் கவிஞர் செ. சீனி நைனா முகம்மது எழுதியது. வரவேற்புரையில் டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று பட்டங்களை மரியாதைக் கிரமம் தப்பாமல் சொல்லி முடிக்கவே நெடுநேரம். தலைமையுரை வந்தது. தலைமை தாங்கிய டத்தோ தமிழின் தொன்மையைப் பேசினார், தமிழ்ப் பள்ளியைக் காப்போம் என்றார், தம் தொகுதிக்குச் செய்ததைச் சொன்னார். நாவலின் பெயரை ஒருமுறை தவறாகவும் ஒருமுறை சரியாகவும் சொன்னார். முதல் பிரதியைப் பெரிய தொகை கொடுத்து வாங்கினார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. படம் எடுக்க வரிசையாக மேடையேறினார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசியவர் ஒரே ஒருவர், இளம் ஆசிரியை. அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்து எட்டாவது நிமிடத்தில் சீட்டு அனுப்பினார்கள்.

நாவலாசிரியர் பேச எழுந்தபோது பின்னால் மீகூனும் கோழிக் கறியும் வந்து இறங்கிவிட்டன. அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, சின்னக் குரலில், பழைய தோட்டத்து ஆட்களைத் தேடிப் பஸ் ஏறிப் போனதையும், ஒரு கிழவர் பேச மறுத்துத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பியதையும், அந்தக் கிழவர்தான் நாவலின் முக்கியப் பாத்திரமாக ஆனார் என்பதையும் சொன்னார். மண்டபத்தில் அன்று இலக்கியம் பேசப்பட்ட நேரம் அதுதான். தட்டுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில்தான் இன்னொன்று நடந்தது. நாவலாசிரியைக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் தட்டோடு வந்து நின்றார். கண்டாங்கிச் சேலை, கையில் ஏற்கெனவே மடிப்பு விழுந்த பிரதி. வெளியீட்டுக்கு முன்பே வாங்கிப் படித்திருக்கிறார்.

"டீச்சர், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கட்டிப்பால் பொறுக்குறத எழுதாம விட்டுட்டீங்களே. பிள்ளைங்க நாங்க அதத்தானே செஞ்சோம்?"

"அப்படியாம்மா? எந்த நேரத்துல பொறுக்குவீங்க?"

"காலையில வெட்டுக்குப் போறப்பதான். முந்தின நாள் மங்குல ஒறஞ்சு கெடக்கும், அத எடுத்தாத்தான அடுத்த பால் எறங்கும்? பட்டையில ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால உரிச்சுப் பையில போட்டுக்குவோம். கை நாத்தம் பள்ளிக்கூடத்துலயும் போகாது. அப்பறம், மழை பேஞ்சா வெட்டு இல்லன்னு எழுதியிருக்கீங்க. சம்பளமும் இல்லன்னு எழுதணும்ல?"

நாவலாசிரியை கையைத் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நின்றபடியே எழுதிக்கொண்டார். அழகிரிசாமி நடத்திய கூட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் அந்த மேசையோரத்தில் எனக்குப் புரிந்தது. இந்த அம்மாளை மேடையில் உட்காரவைத்து, டத்தோவை மீகூன் வரிசையில் நிற்கவைத்திருந்தால் நிகழ்ச்சி எங்கேயோ போயிருக்கும்!

படித்தவர்கள் பேசும் கூட்டம் இந்த நாட்டில் இல்லாமலில்லை. ம. நவீனும் நண்பர்களும் 2007இல் தொடங்கிய 'வல்லினம்' இதழ் அந்தப் பழைய பழக்கத்துக்குத் திரும்பியது. கலை இலக்கிய விழா நடத்தினார்கள், ஜெயமோகன் முதலிய எழுத்தாளர்களைத் தமிழகத்திலிருந்து அழைத்துப் பேசவைத்தார்கள், உள்ளூர் எழுத்தை ஈவிரக்கமின்றி விமர்சித்தார்கள். விரோதமும் நிறையச் சம்பாதித்தார்கள். அதே சமயம் மூத்தவர்களை விட்டுவிடவுமில்லை. அவர்கள் ஏற்படுத்திய 'வல்லினம் விருது' 2014இல் முதலில் போனது அ. ரெங்கசாமிக்கு. சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பான்காரன் இழுத்துப்போன தமிழர்களின் கதையை 'நினைவுச்சின்ன'மாக எழுதியவர் அவர். வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் சிலாங்கூர் வாழ்க்கையை 'லங்காட் நதிக்கரை'யில் எழுதியவரும் அவர்தான்.

நவீனின் முதல் நாவல் 'பேய்ச்சி' 2019இல் வந்தது. கெடாவில் அவர் பிறந்த லூனாஸும் அங்கே விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டதும் அதன் களம். 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு ஆபாசம் என்று சொல்லி அதைத் தடை செய்தது. இதில் மனத்தை உறுத்துவது அமைச்சின் உத்தரவு அல்ல; புகார் கிளம்பியது தமிழர்களிடமிருந்தே என்பதுதான். தோட்டத்து மனிதர்கள் கதைக்குள் தோட்டத்துப் பேச்சைப் பேசினால் பொறுக்காதவர்கள், அந்த மனிதர்கள் பெயரால் மேடைதோறும் கண்ணீர் விடுகிறவர்கள்தான். முழுக்கப் படித்துவிட்டுப் புகார் சொன்னவர் எத்தனை பேர் என்பது என் சந்தேகம். படிக்காமல் வாங்குவதும் படிக்காமல் எரிச்சல்படுவதும் ஒரே வியாதியின் இரண்டு முகம். நவீன் நிற்கவில்லை, கோலாலம்பூர் சௌகிட் பகுதியின் திருநங்கையர் உலகை வைத்து 'சிகண்டி'யை 2021இல் எழுதினார். நான் ஒரு மாலை சௌகிட் சந்துகளில் நடந்துபார்த்தேன். மீன் வாடை, மலிவு விடுதிகள், நெருக்கியடித்த சந்தை. பிரிக்ஃபீல்ட்ஸ் தோரண வாயிலிலிருந்து மோனோரயிலில் சில நிலையங்கள்தான். இரண்டும் ஒரே ஊர் என்று நம்ப மனம் வரவில்லை.

இதுவரை மலேசியர்களைக் குறை சொன்னேன். நம் பக்கம் இதைவிட மோசம். அகிலன் எழுபதுகளில் அங்கே போனார்; திரும்பி வந்து ரப்பர்த் தோட்டத்தைக் களமாக வைத்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அந்த நாவல் எப்படி என்பது வேறு விவாதம். பார்த்ததை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு விமானம் ஏறிப் போன தமிழக எழுத்தாளர்களுக்குக் கணக்கில்லை. போகிறார்கள், கம்பனையோ தங்கள் நாவலையோ பேசுகிறார்கள், பத்துமலையில் படம் எடுக்கிறார்கள், பொன்னாடையோடு திரும்புகிறார்கள். மலேசிய நாவல் ஒன்றைப் படித்துவிட்டுப் போய் அதைப் பற்றி அங்கே பேசியவர்களை விரல்விட்டு எண்ணலாம். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2017இல் சீ. முத்துசாமிக்கு விருது கொடுத்தபோதுதான், சுங்கைப்பட்டாணியில் இப்படி ஒருவர் இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாரா என்று இங்கே பலர் கேட்டார்கள். அங்கே மண்டபத்தில் நாம் பேசுவதைக் கேட்டபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவரைப் போன்றவர்களும் இருந்திருக்கிறார்கள்.

கோலாலம்பூருக்குப் பேச அழைப்பு வந்திருக்கும் நாவலாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விமானச்சீட்டு பார்ப்பதற்கு முன்னால் ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', முத்துசாமியின் 'மண்புழுக்கள்', சை. பீர்முகம்மதுவின் 'அக்கினி வளையங்கள்', இவற்றில் இரண்டையாவது தேடிப் படித்துவிட்டுப் போங்கள். உங்கள் பேச்சில் பாதி நேரத்தை அவற்றுக்குக் கொடுங்கள். சுற்றிப்பார்க்கப் போகிற வாசகர்கள் கடைகளில் தேட வேண்டாம். சனி, ஞாயிறுகளில் எந்த மண்டபத்தில் வெளியீடு என்று பூக்கடையில் கேட்டால்கூடச் சொல்வார்கள். முப்பது வெள்ளி கொடுத்து வாங்குங்கள், ஊர் திரும்பும் விமானத்திலேயே படிக்கத் தொடங்குங்கள், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். முகவரியைப் பெரும்பாலும் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.